முட்டி போடும் இடம்

"முட்டி போடுற இடம் மட்டும் வழவழன்னு இருக்கணும். மத்த இடமெல்லாம் சொரசொரன்னு இருக்கணும்" என்று அந்த சைக்கிள் மெக்கானிக் கேட்டதும் அண்ணன் சிரித்துவிட்டான். கடை தேடி வந்த மனுஷனைப் பார்த்துச் சிரிப்பது நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் தன்னால் ஆகாத காரியத்தை யாராவது கேட்டால் அண்ணன் முதலில் சிரிப்பான், அப்புறம் விளக்கம் சொல்வான், கடைசியில் கோபித்துக்கொள்வான். மெக்கானிக் நின்ற இடத்தை விட்டு அசையாததால் அன்றைக்கு மூன்றும் வரிசையாக நடந்தன.

அண்ணனின் தொழில், பிக்கப் வண்டிகளின் பின்தொட்டிக்குக் கறுப்புப் பூச்சு அடிப்பது. தொட்டியில் கீறல் விழாமல், துருப்பிடிக்காமல், ஏற்றிய சாமான் வழுக்கி ஓடாமல் இருக்க அடிக்கிற பூச்சு. இரண்டு பீப்பாய்களில் இருக்கும் இரண்டு திரவங்கள் சூடேறி, தனித்தனிக் குழாயில் ஓடி வந்து, ஸ்ப்ரே கன்னின் மூக்கில்தான் ஒன்றையொன்று முதன்முதலாகப் பார்க்கும். பார்த்த சில நொடிகளில் தகரத்தின் மேல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அவற்றைப் பிரிப்பது யாராலும் ஆகாது. கன் பிடித்த கை ஓரிடத்தில் தயங்கினால், அந்தத் தயக்கம் வண்டி உள்ள காலம்வரை மேடாக அங்கேயே இருக்கும். அதைச் சுரண்டி எடுப்பதற்குப் பதில் வண்டியையே விற்றுவிட்டுப் போகலாம் என்பாள் அண்ணி. முன்னறையில் உட்கார்ந்து போன் பேசுவதும், வருகிறவர்களைச் சமாளிப்பதும், அண்ணன் கோபித்துக்கொண்டு அனுப்பியவர்களைத் திரும்பக் கூப்பிடுவதும் அவள் வேலை.

மெக்கானிக் அறுபதை நெருங்கியவர். கடை கிடையாது, வண்டிதான் கடை. தெருத்தெருவாகப் போய் நிறுத்துவார், பின்தொட்டிக்குள் ஏறி முட்டி போடுவார், நாள் முழுக்க சைக்கிள்களோடு மல்லுக்கட்டுவார். வெறும் தகரத்தில் முட்டி போட்டுப் போட்டு இரண்டு முட்டியும் போயே போய்விட்டன. எல்லோரும் அடித்துக்கொள்கிற சொரசொரப்புப் பூச்சு என்றால் முட்டித் தோல் உரியும். வழவழவென்று அடித்தாலோ ஒவ்வொரு திருப்பத்திலும் டூல் பெட்டிகள் தொட்டிக்குள் ஓடிப்பிடித்து விளையாடும். ஒரு மெத்தை போட்டுக்கொள்ளலாமே என்று அண்ணி கேட்டாள்.

"மெத்தைக்கு அடியில பேரிங் குண்டெல்லாம் போய் ஒளிஞ்சுக்குதும்மா. அதைத் தேடுறதுக்கும் முட்டிதான் போட வேண்டியிருக்கு" என்றார் அவர்.

ஒரு தொட்டி என்றால் ஒரே மாதிரிதான் வரும், பாதி இப்படிப் பாதி அப்படி என்பதெல்லாம் இந்தப் பூச்சு மருந்தில் நடக்காது, நாலு கடை ஏறி இறங்கி விசாரித்துப் பாருங்கள் என்று அண்ணன் விளக்கத்தைத் தாண்டிக் கோபத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். நாலு கடையும் ஏறி இறங்கிவிட்டுத்தான் இங்கே வந்தேன் என்று மெக்கானிக் பொறுமையாகச் சொன்னார். அப்போதுதான் மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வரும்."

குரலுக்குச் சொந்தக்காரி அண்ணனின் தங்கை. கடையில் அவளுக்கு டேப்பு என்று பெயர். வந்து போகிறவர்கள் டேப்பக்கா என்பார்கள். பூச்சு எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்பதைத் தீர்மானித்து, வரக் கூடாத இடத்தை எல்லாம் பேப்பரும் டேப்பும் ஒட்டி மூடுவது அவள் வேலை. தொட்டியின் விளிம்பில் அவள் ஒட்டுகிற டேப்புக்குள் மெல்லிய கம்பி ஒன்று ஓடும். பூச்சு அடித்து முடித்து, அது இறுகுவதற்குள் அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்தால் விளிம்பு நூல் பிடித்தாற்போல் அறுந்து வரும். வண்டியை எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தடவிப் பார்ப்பது அந்த விளிம்பைத்தான். தடவிவிட்டு அண்ணனைப் பாராட்டுவார்கள். அண்ணனும் வெட்கமே இல்லாமல் வாங்கி வைத்துக்கொள்வான்.

கன் மட்டும் அவள் கைக்கு வந்ததே இல்லை. காலையில் மெஷினை ஓட்டியதும் கலவை சரியாக வருகிறதா என்று ஓர் அட்டையில் அடித்துப் பார்ப்பார்கள். அதை அவள் அடிக்கலாம். அட்டைக்கு டேப்பு, வண்டிக்கு நான் என்பது அண்ணன் போட்ட சட்டம். எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்" என்பான். அந்தக் குடும்பத்தில் பார்க்கலாம் என்றால் கிடையாது என்று அர்த்தம்.

இப்போது அவள் கையில் முந்தின வண்டியிலிருந்து பிய்த்தெடுத்த பேப்பர் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கசக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். அவள் போட மாட்டாள். கன் எந்தத் தூரத்தில் இருந்தது, எந்த வேகத்தில் போனது என்பதெல்லாம் அந்தப் பேப்பரில் அச்சடித்தாற்போல் கிடக்கும். கிட்டேயிருந்து பட்ட இடம் வழித்துவிட்டாற்போல் வழவழப்பாக இருக்கும். தள்ளிப் போகப் போக மருந்து காற்றிலேயே பாதி இறுகி, பொடி மணலைத் தூவினாற்போல் விழுந்திருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் இதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண்ணிலேயே அளவு வந்துவிட்டது. பேப்பரை மேஜை மேல் விரித்து, மெக்கானிக்கின் உள்ளங்கையைப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தேய்க்க வைத்தாள்.

நடுவழியில் அவர் கை நின்றது. "இதேதான்" என்றார். "முட்டிக்கு அந்த முனை மாதிரி, மத்த இடத்துக்கு இந்த முனை மாதிரி."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் கன்னிலிருந்து விழுந்த தூசியை வைத்துத் தனக்கே பாடம் எடுக்கிறாள் என்று அவனுக்கு எரிந்தது. "அப்ப நீயே அடி" என்றான். "கெட்டுப்போச்சுன்னா அப்புறம் கன்னுங்கிற பேச்சையே என்கிட்ட எடுக்கக் கூடாது. சரியா?"

பின்வாங்கிவிடுவாள் என்று நினைத்துச் சொன்னான். கூடவே பிறந்து வளர்ந்தும் அவளை அவன் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. "சரி" என்று அவள் சொன்ன வேகத்தில் அண்ணிக்கே தூக்கிவாரிப்போட்டது. தானே சாட்சி, இரண்டு பேரும் பிறகு பேச்சு மாறக் கூடாது என்று அண்ணி சொல்லி வைத்தாள்.

வண்டியை விட்டுவிட்டுக் கிளம்புவதற்கு முன் மெக்கானிக் தொட்டிக்குள் இடத்தைக் காட்டினார். வெகுநாளாக முட்டி உராய்ந்து உராய்ந்து பெயின்ட் அங்கே மட்டும் மெருகேறி, இரண்டு கையகல வட்டங்களாகப் பளபளத்தது. இது போதும் என்று டேப்பு தலையாட்டினாள். அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் எங்கே வந்தது? புரண்டு புரண்டு படுத்து, போர்வைக்குள் இல்லாத கன்னைப் பிடித்து இல்லாத தொட்டிக்கு மூன்று நான்கு தடவை அடித்து முடித்தாள்.

காலையில் மழை வருகிற மாதிரி இருந்தது. காற்றில் ஈரம் ஏறிவிட்டால் இந்த மருந்து நுரைத்துக்கொள்ளும், தொடவே கூடாது. சுவரில் மாட்டியிருந்த ஈரப்பத முள்ளைப் பார்ப்பதும் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பதுமாக அண்ணி அலைந்தாள். டேப்பு எதையும் பார்க்கவில்லை. தொட்டிக் கொக்கிகளைக் கழற்றி, மரை அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு துளையிலும் பழைய போல்ட்டைச் செருகினாள். தண்ணீர் வடியும் ஓட்டைகளுக்கு டேப்பைச் சுருட்டி அடைத்தாள். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தாள். பிறகு கிரைண்டரை எடுத்தாள்.

பூச்சுக்கு எதிரி பளபளப்பு. பளபளப்பு எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பூச்சு பிடிக்காது, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு உரியும். அதனால் அவள் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்துப் பார்ப்பாள். எங்கேயாவது மினுக்கென்று தெரிந்தால் விட மாட்டாள், உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு அந்தப் பொட்டுப் பளபளப்பையும் தேய்த்து ஒழிப்பாள். அன்றைக்குச் செய்தது போல ஒரு வேலையை அவள் அதுவரை செய்ததில்லை. மூலை முடுக்கு, மடிப்பு, போல்ட்டைச் சுற்றி, பின்கதவின் உள்விளிம்பு எல்லாம் ஒரே மங்கலாக, சாம்பல் பூசினாற்போல் வந்தன. டார்ச்சை அணைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துப் பெருமையாகப் பார்த்தாள்.

அப்போதுதான் உறைத்தது. முட்டி வட்டங்கள் எங்கே?

குறித்து வைக்காமலேயே தேய்த்துவிட்டாள். கண்ணும் கருத்துமாக, டார்ச் அடித்துத் தேடிப்பிடித்து, அந்த இரண்டையும் முதல் வேலையாகத் தேய்த்து ஒழித்திருந்தாள். ஒரு கத்துக்குட்டி வேலை செய்திருந்தால் அவை அப்படியே இருந்திருக்கும். மண்டி போட்டுத் தரையை வெவ்வேறு பக்கமிருந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. நடுவுக்குக் கொஞ்சம் இடப்புறம் என்று நினைவிருந்தது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு சாண் தப்பினாலும் அந்த மனுஷன் ஆயுள் முழுக்க உப்புத்தாளின் மேல் முட்டி போடுவார்.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், புரிந்துகொண்டான். குத்திக்காட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அதைவிட மோசமான காரியம் செய்தான், இரக்கப்பட்டான். "விடு, பரவாயில்ல. எல்லாம் ஒரே மாதிரி நடுத்தரமா அடிச்சுடலாம். நானே அடிக்கிறேன். அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான்.

அந்த அன்பான குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இப்போது சரி என்று சொன்னால் ஆயுளுக்கும் அட்டைதான் என்று தெரிந்தது. "அவரைக் கூட்டிட்டு வரணும்" என்றாள்.

மெக்கானிக்கின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி இல்லாத நாளில் சந்தை முனையில் நடைபாதையில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். அண்ணி ஹெல்மெட்டை மாட்டினாள். ஸ்கூட்டர் போன வேகத்தைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் ஏதாவது ஆகிவிட்டதா என்று ஓடி வந்து கேட்டார். மேகம் இன்னும் கறுத்தது. டேப்பு சும்மா நிற்க முடியாமல் விளிம்பில் கம்பி டேப்பை ஒட்டினாள், அண்ணன் மெஷினைச் சூடேற்றினான். கடைசியில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் மெக்கானிக், தோளில் பை, ஒரு கையில் கோணிப்போன சைக்கிள் வீல். பாதி வேலையில் விட்டு வர மனசில்லை என்றார்.

அவரைத் தொட்டிக்குள் எப்படி இறக்குவது என்பது அடுத்த தலைவலி. மனுஷன் உடம்பெல்லாம் செயின் எண்ணெய். அவர் பேன்ட்டிலிருந்து அந்த எண்ணெய் ஒரு துளி தகரத்தில் பட்டால் பூச்சு அங்கே குழிகுழியாக விலகிக்கொள்ளும். ஸ்ப்ரே அடிக்கும்போது போடுகிற வெள்ளை உடுப்பில் ஒன்றை அண்ணி அவருக்குக் கழுத்துவரை மாட்டிவிட்டாள், காலுக்குப் பேப்பர் சுற்றி டேப் ஒட்டினாள். டேப்பு தொட்டிக்குள் இரட்டை மடிப்பாகப் பேப்பர் விரித்தாள். ஆனாலும் விளிம்பில் ஒட்டியிருந்த கம்பியை மிதிக்காமல் அவர் ஏற வழியில்லை.

"இருங்க" என்றான் அண்ணன். குனிந்து, ஒரு கையை அவர் முட்டிக்கு அடியிலும் ஒரு கையை முதுகுக்கும் கொடுத்து, அலாக்காகத் தூக்கிவிட்டான். நேற்று அந்த மனுஷனைப் பார்த்துச் சிரித்தவன் இன்றைக்கு அவரைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு மூச்சு வாங்க நின்றதைக் கண்டு அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பேப்பர் நடுவில் பூப்போல இறக்கிவிட்டான்.

அவர் முட்டி போட்டார். போட்டோவுக்கு உட்காருவது மாதிரி விறைப்பாகப் போட்டார். டேப்பு பென்சிலால் இரண்டு முட்டியையும் சுற்றி வட்டம் போட்டாள். போட்டுவிட்டு அவருடைய விறைத்த முதுகைப் பார்த்தாள். அது பிடிக்கவில்லை. வேலை செய்கிறவன் இப்படியா உட்காருவான்?

"ஐயா, அந்த வீலைக் கொஞ்சம் சரி பண்ணுங்களேன்" என்றாள்.

வீலைத் துடைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு கம்பியாகத் தின்னர் போட்டுத் துடைத்தான். மெக்கானிக் வீலைக் கையில் வாங்கிச் சுழற்றிய உடனே முதுகு தளர்ந்தது. வலது முட்டி அதே இடத்தில் ஊன்றி நின்றது. இடது முட்டி நிற்கவே இல்லை. கோணல் எந்தப் பக்கம் என்று பார்க்க முன்னால் போகும், கம்பியை முறுக்கப் பின்னால் வரும், பைக்குள் கைவிட இன்னும் தள்ளிப் போகும். இடையிடையே "ஸ்ஸ்" என்று முட்டியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி தொடங்குவார். டேப்பு அவர் பின்னாலேயே பென்சிலை ஓட்டினாள். பேப்பரில் இரண்டு வட்டம் போய், ஒரு பக்கம் அமுங்கின பூசணிக்காய் மாதிரி ஓர் உருவம் வந்தது. பழைய பளபளப்பை நம்பி அடித்திருந்தால் இதில் பாதி சொரசொரப்பில் போயிருக்கும். அவளுக்குக் கையெல்லாம் பரபரத்தது.

"அண்ணா, இங்க பாரேன்" என்றாள். அண்ணன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

பேப்பரில் வந்த உருவத்தை ஓர் அட்டையில் வைத்து வெட்டினாள். அட்டையைத் தரையில் ஒட்டினால் ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு மேடு விழும், அதுவே முட்டியைக் குத்தும். அதனால் அதை இரண்டு மெல்லிய கம்பிகளில் கோத்து, தொட்டியின் இரு பக்கச் சுவர் விளிம்பிலிருந்தும், தரைக்கு ஒரு விரல் மேலே தொங்கவிடுவது என்று முடிவு செய்தாள். அப்போது ஓரத்துக்கு அடியில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து விழும், சொரசொரப்பு எங்கே முடிந்தது என்று கைக்கே தெரியாது. கம்பி நிற்க வேண்டிய இடங்களைச் சுவர் விளிம்பு டேப்பில் பேனாவால் குறித்தாள். அட்டை காற்றில் ஆடாமலிருக்க மெக்கானிக் தன் பையிலிருந்து பாரத்துக்கு நாலு நட்டு எடுத்துக் கொடுத்தார். அவரை மறுபடி தூக்கி வெளியே வைத்தார்கள். கடைசியாகத் தொட்டி முழுவதையும் தின்னர் துணியால் ஒரு தடவை துடைத்தாள். மழைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, சீக்கிரம், சீக்கிரம் என்று அண்ணி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

முகமூடி போட்டதும் உலகம் அடங்கி, தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. அண்ணன் கன்னை எடுத்து, ஒரு நொடி தன் கையிலேயே வைத்திருந்து, அப்புறம் அவளிடம் நீட்டினான். அட்டைக்கு அடித்த அதே கன்தான். ஆனாலும் இரண்டு மடங்கு கனத்தது. அவள் முன்சுவரின் மேல் மூலைக்குக் குறிவைத்து விசையை அழுத்தினாள்.

கறுப்பு பாய்ந்தது. கிட்டே, சீராக, ஒரு கோட்டின் பாதியை அடுத்த கோடு மூட, இடமிருந்து வலம், வலமிருந்து இடம். மருந்து விழுந்த கையோடு மினுங்கி, மினுங்கிய கையோடு மங்கி இறுகியது. வலது மூலையில் குழாய் வண்டிச் சக்கரத்தில் சிக்கியது. ஒரே ஒரு கணம் கை நின்றது. அண்ணன் பாய்ந்து குழாயை விடுவித்தான். அவள் போய்க்கொண்டே இருந்தாள். சுவர்கள் முடிந்து தரைக்கு வந்தபோது பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. உடம்பு முழுக்க ஒரே குதூகலம். கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினாள், முகமூடிக்குள் யாருக்குக் கேட்கும்? முட்டி போடும் இடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுற்று, இன்னும் கிட்டே, இன்னும் மெதுவாக அடித்தாள். அது குளம் மாதிரி மட்டமாகப் பரவி இறுகியது.

இனி சூடு ஆறுவதற்குள் அட்டை. அவள் கன்னை வைத்துவிட்டு ஒரு பக்கமும் அண்ணன் மறுபக்கமுமாகக் கம்பிகளைப் பிடித்து இறக்கினார்கள். பேச முடியாது. அவள் ஒரு விரலைக் காட்டி முன்னால் என்றாள். அவன் நகர்த்தினான். அரை விரல் பின்னால் என்றாள். இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்குச் சொல்லியிருக்கிறானே தவிர, அவள் சொல்லி அவன் கேட்டதில்லை. இப்போது கண்ணை அவள் விரலிலிருந்து எடுக்காமல் நகர்த்தினான். பேனாக் குறியில் கம்பி உட்கார்ந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் டேப்பை அழுத்தினார்கள்.

அவள் கன்னைத் தூக்கிப் பிடித்து, தள்ளி நின்று, காற்றில் வீசுவது போல் அடித்தாள். மருந்து தூறலாக விழுந்தது. தொட்டியெங்கும் பொடிப்பொடியாகச் சொரசொரப்பு எழும்பியது. கண்ணாடி ஜன்னலை அண்ணி தட்டினாள். முள் ஏறுகிறது என்று அர்த்தம். கடைசி வீச்சு பின்கதவின் ஓரத்தில் முடிந்தது. விசையை விட்டாள். அட்டையைத் தூக்கினார்கள். உடனே விளிம்புக் கம்பி. அண்ணன் அதை இழுத்துப் பழக்கமில்லாதவன், எந்தப் பக்கம் இழுப்பது என்று விழித்தான். அவள் கையால் வளைத்துக் காட்டினாள். கம்பி சர்ரென்று அறுத்துக்கொண்டே வர, அவன் கண்கள் முகமூடிக் கண்ணாடிக்குள் விரிந்ததை அவள் பார்த்தாள். மழை தகரக் கூரை மேல் விழ ஆரம்பித்தபோது டேப்பு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வருவதற்கு முன்னாலேயே அண்ணன் டார்ச்சோடு தொட்டிக்குள் இருந்தான். ஒரு மூலை விடவில்லை. வலது மூலையில் விரல் நின்றது.

"இங்க தயங்கியிருக்க."

"குழாய் மாட்டிக்கிச்சு" என்றாள். பார்த்தால் தெரியாது, விரலுக்குத் தெரியும், அரிசி மணி அளவு ஒரு மேடு. இது கெட்டுப்போனதில் சேர்த்தியா இல்லையா என்று அவன் சொல்லவில்லை. கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அவன் இன்னொரு தடவை அந்த இடத்தைத் தடவிவிட்டு இறங்கினான்.

மெக்கானிக் வந்தார். பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஏறினார். டூல் பெட்டியை முன்பக்கம் வைத்துக் காலால் தள்ளிப் பார்த்தார், அது அசையவில்லை. பிறகு வெறும் முட்டியைத் தரையில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேற்றைய வீல் இன்னும் கொஞ்சம் கோணலாக இருந்தது போலிருக்கிறது, அதை எடுத்துச் சுழற்றினார். இடது முட்டி முன்னால் போனது, பின்னால் வந்தது, பக்கவாட்டில் போனது. ஒரு கம்பியை முறுக்கினார், இன்னொன்றைத் தளர்த்தினார். டேப்பு தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். அண்ணி அவள் முதுகில் கைவைத்தாள். ஒரு வார்த்தை நல்லா இருக்கு என்று சொல்லக் கூடாதா இந்த மனுஷன் என்று டேப்புக்குக் கோபம்கூட வந்தது.

கடைசியில் பொறுக்காமல் கேட்டுவிட்டாள். "ஐயா, முட்டி எப்படி இருக்கு?"

அவர் வீலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த முட்டி?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வீலைப் பிடித்தபடி குனிந்து தன் இரண்டு முட்டியையும் பார்த்தார். இவ்வளவு நேரம் ஒரு தடவைகூட அவற்றைத் தேய்த்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து டேப்புவைப் பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அண்ணி விசும்பியே விட்டாள். டேப்புக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் வந்தது.

முன்னறையில் போன் அடித்தது. அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததால் அண்ணன் போய் எடுத்தான். யாரோ ஒரு பிக்கப்காரர், எப்போது வண்டியைக் கொண்டுவரலாம் என்று கேட்டிருக்க வேண்டும். அண்ணன் நாள் சொல்ல வாயைத் திறந்தான், மூடினான். வாசலுக்கு வந்து நின்று தங்கையைப் பார்த்தான். "அதை அடிக்கிறவங்ககிட்டதாங்க கேட்கணும்" என்று போனில் சொல்லி, அதை அவள் கையில் கொடுத்தான்.

அவள் காதில் வைத்தாள். அந்தப் பக்கத்துக் குரல், வேலை சுத்தமாக இருக்க வேண்டும், அடிக்கிறவர் யார் என்று கொஞ்சம் சந்தேகத்தோடு விசாரித்தது.

"நான்தான்" என்றாள் டேப்பு. தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னாள்.